உங்கள் பயிற்சியை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி:

அண்ணனுக்கு வணக்கம். ஊர் தங்கச்சிமடம், வயது 29. முழங்கால் காயத்தால் 22 வயதில் ஆட்டத்தை விட்டேன். அப்புறம் கோச்சுகளுக்கான சான்றிதழில் ஏ லைசென்ஸ் வரை முடித்து, வெளியூரில் ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பில் உதவி கோச்சாகச் சேர்ந்தேன். போன சீசன் பாதியில் தலைமை கோச் விலகியதும் அணியை என்னிடம் கொடுத்தார்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தோம். வரும் சீசனுக்கும் நானேதான் என்று சொல்லிவிட்டார்கள். அணியில் ஐந்து பேர் என்னைவிட மூத்தவர்கள். நிறையப் படிக்கிறேன், இரவெல்லாம் வெளிநாட்டு ஆட்டங்கள் பார்க்கிறேன். ஆனாலும் நான் வளர்கிறேனா என்று தெரியவில்லை. அதற்கு மேலே இருக்கும் ப்ரோ லைசென்ஸுக்குப் போகவா? வெளிநாட்டு கிளப் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு வரவா? இப்போது விடுமுறைக்கு ஊரில்தான் இருக்கிறேன். என்ன செய்தால் நல்ல கோச் ஆவேன்?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

வளர்கிறேனா என்று தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாமல் போவதற்குக் காரணம் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. உங்கள் அணியில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவன் எப்படி ஆடுகிறான் என்று தினமும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் சொல்கிறீர்கள், அனாலிஸ்ட் வீடியோ போட்டுக் காட்டுகிறார், கேப்டன் திட்டுகிறார். பெஞ்சில் உட்கார வைத்தால் அதுவும் அவனுக்கு ஒரு பதில்தான். உங்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஜெயித்தால் கை குலுக்குகிறார்கள். தோற்றால் மேனேஜ்மென்ட் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை நீங்கள் கொடுத்த பயிற்சி நன்றாக இருந்ததா என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடைக்காது. கோல் கம்பத்தில் பட்டு வெளியே போன ஒரு பந்து உங்களை மோசமான கோச் ஆக்கிவிடாது, உள்ளே போயிருந்தால் நல்ல கோச்சும் ஆக்கியிருக்காது.

இரவெல்லாம் ஆட்டம் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்களை. மைதானத்தில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள், எதைக் கவனிக்கத் தவறுகிறீர்கள் என்பதைப் பார்க்க வழி செய்துகொண்டால்தான் மற்றதெல்லாம் பலிக்கும்.

அதற்கு இந்த மாதங்களைவிட நல்ல காலம் கிடைக்காது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கண் எரியத் திரும்பும் பையன்கள் இப்போது சாயங்காலம் சும்மா இருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் லீவு. பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எங்கே போனாலும் வெயில் தாழ்ந்ததும் பந்து உருளும். ஒரு இருபது பையன்களைச் சேர்த்து வாரத்தில் நாலு நாள் பயிற்சி கொடுங்கள். இதைச் சேவை என்று நினைக்க வேண்டாம், உங்கள் படிப்பு என்று நினைத்துச் செய்யுங்கள்.

ஏன் அந்தப் பையன்கள் என்று கேட்பீர்கள். கிளப்பில் சம்பளத்துக்கு ஆடுகிறவர், நீங்கள் சொன்னது புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார். நாளைக்கு அணிப் பட்டியல் போடப்போவது நீங்கள்தானே. கடற்கரைப் பையனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பேச்சு நீண்டால் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான், இல்லாவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவான். உங்கள் விளக்கம் எந்த நொடியில் அறுந்தது என்று அவன் முகத்தில் அப்படியே தெரியும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் கடலுக்குப் போய்வந்த இருபது வயதுக்காரனுக்கும் ஒரே மைதானத்தில் ஒரே பயிற்சியைப் புரியவைக்கப் பழகிவிட்டால், மலையாளம், மணிப்புரி, மிசோ, ஆங்கிலம் என்று நாலு மொழி பேசும் டிரெஸ்ஸிங் ரூம் உங்களைப் பயமுறுத்தாது.

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்யுங்கள். ஒரு மொபைலை மதில்மேல் அகலமாகத் தெரியும்படி வையுங்கள். இன்னொன்றைச் சட்டைப்பையில் போட்டு, காலர் மைக்கில் உங்கள் குரலை மட்டும் பிடியுங்கள். ராத்திரி உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாள் கேட்கவே கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை. தொண்ணூறு நிமிடப் பயிற்சியில் பந்து நிஜமாகவே உருண்டுகொண்டிருந்தது எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான இளம் கோச்சுகள் இந்த இடத்தில்தான் அதிர்ந்துபோவார்கள். அடுத்து, ஆட்டத்தை நிறுத்திப் பேசிய இடங்களைக் குறித்துக்கொண்டு, நிறுத்திவிட்டு மறுபடி விட்ட பின் இரண்டு நிமிடத்தில் நீங்கள் சொன்னது நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் நீங்கள் பேசியது உங்கள் திருப்திக்கு மட்டும்தான். "நல்லா ஆடு", "சீக்கிரம்", "வா வா" மாதிரி எதையும் கற்றுத்தராத சத்தம் எவ்வளவு, "வலது தோளுக்கு மேலே பார்த்துட்டு வாங்கு" மாதிரி ஒருவன் உடனே செய்யக்கூடிய பேச்சு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

இதை நான் என் யோசனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு ஜான் வுடன் என்று ஒரு கோச் இருந்தார். 10 முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 1974-75 சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சியைப் பக்கத்திலிருந்து பார்த்து, அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் குறித்தார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவலாகவே இருந்தது. பாராட்டும் திட்டும் கொஞ்சம் கொஞ்சம்தான். நீண்ட பிரசங்கமே கிடையாது. அத்தனை பட்டம் வாங்கியவரே ஒவ்வொரு பயிற்சியையும் எழுதித் திட்டமிட்டுக்கொண்டுதான் வருவார். உங்கள் குரலை அதே மாதிரி பிரித்துப் பார்க்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

மே கடைசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் நம் பக்கம் உயரப் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதையும் பயன்படுத்துங்கள். காற்றுக்கு எதிராக ஆடும் அணி என்ன செய்யும் என்று நீங்கள் சொல்லாமல் பையன்களையே கண்டுபிடிக்க விடுங்கள். தூக்கி அடித்தால் பந்து திரும்பி வரும். ரெண்டு தடவை பட்டபின் தரையோடு கொடுக்க ஆரம்பிப்பார்கள், பக்கத்தில் வந்து நின்று பந்தைக் கேட்பார்கள். விதியையும் இடத்தையும் மாற்றி ஆட்டக்காரரையே பதிலைத் தேட வைப்பது பற்றி லைசென்ஸ் வகுப்பில் படித்திருப்பீர்கள். இங்கே காற்று அதை இலவசமாகச் செய்துதருகிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்து பழக வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கஷ்டமும்.

சரி, ஆட்ட நாளுக்கு வருவோம். டச் லைனில் நிற்பவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத்தான் நினைப்பார். கால்பந்து ஆட்டம் முடிந்ததும் அதில் நடந்தவை கோச்சுகளுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று இயான் ஃப்ராங்க்ஸ், கேரி மில்லர் என்ற இருவர் 1986-இல் ஆராய்ந்தார்கள். சரியாகச் சொன்னது பாதியைக்கூடத் தொடவில்லை. கோல், ரெஃப்ரியின் தப்பு, தனக்குக் கோபம் வந்த இடம் இவைதான் மனதில் நிற்கும். முப்பதாவது நிமிடத்தில் இடது பக்கம் தடுக்கும் உங்கள் லெஃப்ட் பேக் மூன்று முறை தனியாக மாட்டிக்கொண்டது மறந்துபோகும். அந்தப் பாதி நினைவை வைத்துக்கொண்டுதான் நாம் ஹாஃப் டைமில் பேசுகிறோம், திங்கட்கிழமை யாரைத் திட்டுவது என்று முடிவெடுக்கிறோம்.

அதனால் ஒரு பழக்கம் வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின இரவு, யாரை எதற்காக இறக்குகிறீர்கள், எதிரணி என்ன செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை அரைப் பக்கம் எழுதுங்கள். ஆட்டம் முடிந்த அன்றைக்கே, வீடியோவைத் தொடுவதற்கு முன், நடந்ததாக நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். அப்புறம் வீடியோவைப் போட்டு இரண்டையும் ஒத்துப்பாருங்கள். முந்தின இரவு எழுதியது ரொம்ப முக்கியம். முடிவு தெரிந்தபின், இப்படித்தான் நடக்கும் என்று முன்பே நினைத்ததாக மனம் கதை கட்டிவிடும். எழுதியது கையில் இருந்தால் அந்தக் கதை செல்லாது. ஒரு சீசன் முழுக்க இதைச் செய்தால் உங்கள் கண் எந்தப் பக்கம் குருடு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்குப் பந்து இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். சிலர் தாக்குதலையே பார்த்துக்கொண்டு, பின்னால் கோலுக்கு முன் தடுக்கும் ஸ்டாப்பர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பவே மாட்டார்கள்.

ஹாஃப் டைம் பதினைந்து நிமிடம். அதில் நடந்து போய்வருவது, தண்ணீர், காலுக்குக் கட்டு போடுவது எல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது நாலைந்து நிமிடம்தான். இரண்டு விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். முதல் சில நிமிடம் எதுவும் பேசாமல் உதவி கோச்சிடமும் அனாலிஸ்டிடமும் கேளுங்கள், அவர்கள் பார்த்தது வேறாக இருக்கும்.

மூத்த ஆட்டக்காரர்கள் விஷயம் உங்களை உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. யூலியன் நாகல்ஸ்மானை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே முழங்கால் காயத்தால் சின்ன வயதில் ஆட்டத்தை விட்டவர். 2016 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் அணியை அவரிடம் கொடுத்தபோது அவருக்கு வயது 28. அணி அட்டவணையில் 17-ஆவது, மொத்தமே 18 அணிகள். இறங்காமல் காப்பாற்றினார், அடுத்த சீசனில் நாலாவது இடம். எல்லாரும் அவர் வயதைத்தான் பேசுகிறார்கள். நான் பார்ப்பது அதற்கு முந்திய வருடங்களை. அதே கிளப்பில் 19 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்து 2014-இல் ஜெர்மன் பட்டம் வாங்கியிருந்தார். பெரிய அணிக்கு வரும்போது வயதுதான் சின்னது, மைதானத்தில் கழித்த நேரம் சின்னதல்ல.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஆந்த்ரே வில்லாஷ்-போவாஷ் 2011-இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணிக்கு யூரோப்பா லீக் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, 33 வயதில் இங்கிலாந்தின் செல்சி அணிக்குக் கோச்சாக வந்தார். அந்த அணியின் மூத்த ஆட்டக்காரர் ஃப்ராங்க் லாம்பார்டுக்கும் அப்போது 33. 2012 மார்ச்சில் வில்லாஷ்-போவாஷை நீக்கிவிட்டார்கள். அவருடைய உதவியாளர் டி மத்தேயோ பொறுப்பேற்று, அதே ஆட்டக்காரர்களை வைத்து அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தார். உள்ளே என்ன நடந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அறிவும் கோப்பையும் மட்டும் ஒரு டிரெஸ்ஸிங் ரூமைக் கையில் கொடுத்துவிடாது என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். நேற்றுவரை "அண்ணே" என்று கூப்பிட்டவரை இன்றைக்கு எப்படி பெஞ்சில் உட்கார வைப்பது? என் யோசனை, "அண்ணே" என்றே கூப்பிடுங்கள். பதவி வந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கும் கசக்கும், இளையவர்களும் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் அவரை அணியிலிருந்து எடுக்கும் நாளில், போர்டில் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அதற்கு முன்னால் தனியாகக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, காரணத்தைச் சொல்லுங்கள். ஒரே காரணம், அதுவும் கால்பந்துக் காரணம். "மேலிடத்துல சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை வெளியே வந்த நிமிடத்திலிருந்து உங்களைத் தலைமைக் கோச்சாக யாரும் பார்க்கமாட்டார்கள். அவர் கோபப்படட்டும், பதிலுக்குப் பேசட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை அங்கேயே மாற்றாதீர்கள். இப்போது ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்பதால், பெஞ்சில் இருப்பவர்தான் கடைசி அரை மணி நேரத்தைத் தீர்மானிக்கிறார். அதை ஆறுதலாகச் சொல்லாமல், அந்த அரை மணிக்கு அவருக்கு என்ன வேலை என்று பயிற்சியிலேயே காட்டுங்கள்.

அவர்களிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். எதிரணி ஸ்டிரைக்கரோடு பத்து வருடம் மோதியவர் உங்கள் ஸ்டாப்பர். அந்த ஸ்டிரைக்கர் எந்தத் தோள் பக்கம் திரும்புவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பயன்பட்டால் எல்லார் முன்னாலும் அவர் பேரைச் சொல்லுங்கள்.

உதவி கோச்சாக இருந்து அங்கேயே தலைமைக்கு வந்தவர்களுக்கு ஒரு தனிமை உண்டு. முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள். இப்போது நீங்கள் வந்தால் பேச்சு நிற்கும். அது உங்கள்மேல் வெறுப்பு இல்லை, நாற்காலி மாறியதால் வருவது. மறுபடி அந்த நட்பைப் பிடிக்க ஓடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல உதவி கோச்சை வையுங்கள். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்குத் தலையாட்டுபவரை எடுக்காதீர்கள். "இந்த டிரில் எதுக்கு?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பவர் வேண்டும். வாரத்தில் ஒரு பயிற்சியை முழுக்க அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மேலே படிக்கட்டில் போய் உட்காருங்கள். தரையில் நின்றால் தெரியாதது அங்கிருந்து தெரியும். இன்னொரு பயிற்சியில் அவர் உங்களைக் கவனித்து எழுதட்டும். பத்து நிமிடம் பேசினால் போதும், ஆனால் வாரா வாரம் நடக்க வேண்டும்.

உடல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு ஓடினார் என்று அளக்கும் ஜிபிஎஸ் கருவிக்குக் கிளப்பில் பணம் இல்லை என்றால் கவலை வேண்டாம். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் கேளுங்கள், அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். கார்ல் ஃபாஸ்டர் என்ற விஞ்ஞானி பரப்பிய முறை இது, வாரம் வாரம் ஒப்பிட்டால் யார் தேய்கிறார் என்று தெரியும். ஃபிஃபா 11+ வார்ம் அப்பை வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்யுங்கள், இருபது நிமிடம்தான், காயங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறது. நோன்பு மாதம் இப்போது சீசனுக்குள்ளேயே வருகிறது. கீழக்கரைப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோன்பு பிடிக்கும் ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, கடினமான பயிற்சியை நோன்பு திறந்தபின் மாற்றிவையுங்கள்.

இனி உங்கள் நேர்க் கேள்விகள். ப்ரோ லைசென்ஸுக்குக் கட்டாயம் போங்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) தலைமைக் கோச்சுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் கதவே திறக்காது. பிரான்ஸின் ரான்ஸ் அணியை 2022-இல் வில் ஸ்டில் என்பவரிடம் கொடுத்தார்கள். முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள் பொறுப்பேற்றவர். ப்ரோ லைசென்ஸ் இல்லாததால் அவர் பெஞ்சில் நின்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அப்படிக் கட்ட நம் ஊரில் எந்த கிளப்பும் வராது. ஆனால் அந்த வகுப்பில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் உங்களோடு உட்காரும் மற்ற கோச்சுகள்தான். அவர்களில் ஒருவரோடு, பயிற்சி வீடியோக்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.

வெளிநாட்டுப் பயணத்தை இந்த வருடம் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. வேலிக்கு வெளியே நின்று ரெண்டு வாரம் பார்த்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. ஏன் என்பது காலையில் கோச்சுகள் பேசும் அறையில் இருக்கிறது. அந்த அறையில் உட்கார விடும் ஒரு இந்திய கோச் கிடைத்தால் அதுவே மேல். காலித் ஜமீலை நினைத்துப் பாருங்கள். 2009-லிருந்து 2016 வரை மும்பை எஃப்சி என்ற சின்ன அணியோடு, பட்டம் எதுவும் இல்லாமல், அப்போது தேசிய முதல் பிரிவாக இருந்த ஐ-லீக்கிலிருந்து இறங்காமல் போராடினார். அடுத்த சீசனில் மிசோரத்தின் ஐசால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 2025-இல் இந்திய அணிக்கே தலைமைக் கோச். அந்த ஏழு வருடத்தில் அவர் கற்றதை எந்தப் பயணத்திலும் கற்றிருக்க முடியாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பாதியில் எடுத்துவிட்டால் எத்தனை மாதச் சம்பளம் என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் இந்த வேலை எப்படிப்பட்டது என்று இப்போதே சொல்லிவையுங்கள். பயத்தோடு அணி போடும் கோச் தைரியமான முடிவு எடுக்கமாட்டார்.

தடைக்காலம் முடிவதற்குள் ஒரு பயிற்சியை முழுசாக, வெட்டாமல், குரல் பதிவோடு எனக்கு அனுப்புங்கள். நன்றாக வந்ததைத் தேடி எடுக்க வேண்டாம், ஏதாவது ஒரு புதன்கிழமைப் பயிற்சி போதும். அனுப்புவதற்கு முன்னால் நீங்களே பார்த்து உங்கள் குறிப்பைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் என் குறிப்பை அனுப்புகிறேன். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கிருந்து பேசுவோம்.